விலைச் சக்கரமும் நம் கூலியும்
(பாசிர் ரிஸ் தொழிலாளர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தோட்டங்களில் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. ரப்பர் விலை ஒரு சக்கரமாம். பழைய ஏட்டைப் புரட்டினால் அடுத்த உச்சம் எந்த ஆண்டு என்று சொல்லிவிடலாமாம். "சேமிப்பை இன்றே முன்பேரச் சந்தையில் போடுங்கள்" என்று சிலர் படம் வரைந்து காட்டுகிறார்கள். சேமிப்பு நம் வியர்வை. ஆகவே கணக்கைப் பார்ப்போம்.

1950-51-இல் கொரியப் போரினால் விலை விண்ணை முட்டியது. அது விக்ருதி ஆண்டு. அறுபது ஆண்டு கழித்து 2010-11. மறுபடியும் விக்ருதி, மறுபடியும் உச்சம்! ரஷ்ய அறிஞர் கொந்த்ராத்தியெவ் 1920களில் ஐம்பது அறுபது ஆண்டு நீளமுள்ள பொருளாதார அலைகளைப் பற்றி எழுதினார் என்பதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். கேட்கத் தித்திப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் 1910-இல் லண்டனில் ஓர் இறாத்தல் ரப்பர் பன்னிரண்டு ஷில்லிங்குக்கு மேல் விற்றதே! அறுபதைக் கூட்டினால் 1970. அங்கே உச்சம் இல்லை. 1925-இலும் விலை உயர்ந்தது. அறுபதைக் கூட்டினால் 1985. அப்போது விலை சரிந்து கிடந்தது. நான்கு உச்சங்களில் ஒரு ஜோடிதான் பொருந்துகிறது. ஒரு ஜோடியை வைத்துச் சாத்திரம் எழுதலாமா?

காரணமும் ஒன்றல்ல. 1910-இல் மோட்டார் வண்டி, 1925-இல் ஸ்டீவன்சன் திட்டத்தின் உற்பத்திக் கட்டுப்பாடு, 1950-இல் போர், 2011-இல் சீனாவின் தேவையும் மழை வெள்ளமும். போரும் வெள்ளமும் பஞ்சாங்கம் பார்த்தா வருகின்றன?

உண்மையான சக்கரம் ஒன்று உண்டு. அது நம் மரத்தில் இருக்கிறது. கன்று நட்டால் பால் தர ஆறேழு ஆண்டு ஆகும். விலை ஏறியதும் எல்லோரும் நடுகிறார்கள்; எல்லா மரமும் ஒரே காலத்தில் பால் தரும்போது சரக்கு குவிந்து விலை விழுகிறது. 2011-க்குப் பின் நடந்ததும் இதுதான். இதனால் சரிவு வரும் என்று சொல்லலாம். நாள் குறிக்க முடியாது. அரசுகள் சேர்ந்து நடத்திய சர்வதேச இயற்கை ரப்பர் அமைப்பு, விலை விழுந்தால் வாங்கியது, ஏறினால் விற்றது. 1997 நெருக்கடிக்குப் பின் அதுவும் 1999-இல் கலைந்தது. அரசுகளாலேயே தாங்க முடியாத சந்தையில் நம் சேமிப்பு எம்மாத்திரம்?

தோழர்களே! வரலாறு நமக்கு வேறொரு பாடம் சொல்கிறது. 1930 முதல் 1932 வரை விலை வீழ்ந்தபோது நம் முன்னோரின் கூலியை வெட்டினார்கள். ஆயிரமாயிரம் பேரைக் கப்பலேற்றித் தமிழகத்துக்கு அனுப்பினார்கள். உச்சத்தின் இலாபம் பங்குதாரருக்கு, சரிவின் பாரம் கூலிக்காரனுக்கு! சங்கமில்லாத காலத்தில் இந்தச் சக்கரம் மட்டும் தவறாமல் சுழன்றது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். விலை எப்படிப் போனாலும் அசையாத அடிப்படைச் சம்பளம் வேண்டும்; விலை ஏறினால் அதற்கு மேல் பங்கும் வேண்டும். 2013 முதல் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறையில் இருக்கிறது. அது நமக்குப் படி, கூரை அல்ல. நல்ல விலைக் காலத்திலேயே பேசி எழுதி வாங்குவோம். சரிவு வரும்போது அந்தக் காகிதம்தான் குடை.

ஆரூடத்தை நம்பாதீர்கள், சங்கத்தை நம்புங்கள்.