கருவி யாருடையது?

புனே நகரில் நம் இளைஞர் நால்வர் சேர்ந்து சிறு மென்பொருள் நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடி அங்குச் சென்றவர்கள். அவர்களுள் ஒருவர் அண்மையில் என்னைக் கண்டபோது, "ஐயா, நிரல் எழுதும் கருவிகளைப் பணங்கொடுத்து வாங்குவதா, விலையின்றிக் கிடைக்கும் திறந்த மூலக் கருவிகளையே கையாள்வதா?" என்று வினவினார். அவர் விலையைப் பற்றியே கேட்டார். நானோ ஒரு வரலாற்றைச் சொன்னேன். நேயர்களுக்கும் அதைக் கூற விழைகிறேன்.

பின்லாந்தில் பிறந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் தொடங்கியது லினக்ஸ். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். பல நாட்டவர் அனுப்பும் திருத்தங்களை ஒழுங்குபடுத்திக் காக்க ஒரு கருவி வேண்டியிருந்தது. 2002-இல் டோர்வால்ட்ஸ் தேர்ந்தெடுத்தது பிட்கீப்பர் என்னும் வணிகக் கருவியையே. லினக்ஸ் எழுதுவோர்க்கு அதன் உரிமையாளர் அதை இலவசமாக வழங்கினார். ஆனால், அவ்வாறு பெறுவோர் அதற்குப் போட்டியான கருவி எதையும் உருவாக்கலாகாது என்பது நிபந்தனை. இலவசம் என்றதும் நம்மில் பலர் நிபந்தனைகளைப் படிப்பதேயில்லை, நானும் அவ்வகையினனே.

2005-இல் பிணக்கு மூண்டது. ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்னும் ஆஸ்திரேலிய நிரலாளர், பிட்கீப்பரோடு தொடர்பு கொள்ளவல்ல சிறு கருவி ஒன்றை எழுத முற்பட்டார். உரிமையாளர் அதை ஏற்கவில்லை. இலவச உரிமத்தை விலக்கிக்கொண்டார். மூன்றாண்டு கைபழகிய கருவி போயிற்று. டோர்வால்ட்ஸ் மற்ற வேலையை நிறுத்திவிட்டு, ஏப்ரல் மாதத்தில் கிட் என்னும் புதுக் கருவியை எழுதலானார். ஜூன் மாதத்தில் லினக்ஸின் 2.6.12 பதிப்பு அதன் துணைகொண்டே வெளிவந்தது. பிட்கீப்பரும் 2016-இல் திறந்த மூலமாயிற்று. அதற்குள் நிரலாளர் பெரும்பாலோர் கிட்டுக்கு மாறிவிட்டிருந்தனர்.

டோர்வால்ட்ஸால் தமக்கு வேண்டிய கருவியைத் தாமே ஆக்கிக்கொள்ள முடிந்தது. நால்வர் நடத்தும் நிறுவனத்தால் அது கூடுமா?

ஆகையால் வணிகக் கருவியே ஆகாது என்று நான் சொல்லவில்லை. நன்கு உழைக்கும் கருவிக்குப் பணங்கொடுப்பதில் இழுக்கில்லை. இடர் நேர்ந்தால் பதில் சொல்ல ஒருவர் இருப்பார். திறந்த கருவியிலோ, நள்ளிரவில் விழித்திருந்து பழுது பார்ப்பவர் பெரும்பாலும் நாமேதான். அதற்கும் நிபந்தனைகள் உண்டு. ஜிபிஎல் உரிமம் பெற்ற நிரலை மாற்றிப் பிறர்க்கு வழங்கினால், மாற்றிய மூலத்தையும் அவர்க்கு அளித்தல் வேண்டும். ஜிசிசி என்னும் தொகுப்பி அவ்வுரிமத்தின்கீழ் வருவதால், அதைக்கொண்டு தொகுக்கும் தம் நிரலையும் திறந்துவிட நேருமோ என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வேண்டுவதில்லை, அதற்கெனத் தனி விலக்கே வழங்கப்பட்டிருக்கிறது.

"நீங்கள் எழுதியவற்றை வேறொரு கருவியால் திறக்க இயலுமா?" என்று அவ்விளைஞரைக் கேட்டேன். அவர் சற்றே எண்ணிப் பார்த்தார்.

"நிரல் வெறும் எழுத்துக் கோப்புத்தான் ஐயா, எதிலும் திறக்கும். அதை எழுதும் கருவியைப் பணங்கொடுத்தே வாங்கிவிடுகிறோம். திரைகளை வரையும் கருவிதான் இடர். அதன் கோப்பு அதனில் மட்டுமே திறக்கும். நாற்பது திரைகள் வரைந்துவிட்டோம்," என்றார்.

அந்த நாற்பதையும் மாற்றி வரையும் வேலை இம்மாதம் தொடங்கியிருக்கிறது.