வி.பி.என்: யாரிடமிருந்து மறைக்கிறோம்?

(ஞாயிறு மாலை வாசகசாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் பத்தாவது வரை படித்தவன். கம்ப்யூட்டர் சாஸ்திரம் கற்றவனல்ல. ஒரு தவறு செய்து, அதன் பின்னாலே போய் இந்த விஷயத்தைத் தெரிந்து கொண்டவன். முதலில் அந்தத் தவறைச் சொல்லி விடுகிறேன்.

மில் விடுதியில் தங்கி வேலை செய்யும் தங்கை ஒருத்தி சென்ற வருஷம் என்னைத் தேடி வந்தாள். விடுதியிலே வைஃபை இலவசம். அதன் வழியே தொழிலாளர் துறையின் பக்கத்தைத் திறந்து, குறைந்தபட்சக் கூலி எவ்வளவென்று பார்த்திருக்கிறாள். இரண்டாம் நாள் வார்டன், "என்னம்மா, லேபர் ஆபீஸிலே உனக்கென்ன ஜோலி?" என்று கேட்டாராம். "போன் என் கையிலேதானே இருந்தது தோழர், இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று நடுங்கிக் கொண்டு கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கோ கேட்டதை வைத்து, "வி.பி.என். போட்டுக் கொள், ஒருவனும் பார்க்க முடியாது" என்றேன். முதலில் கண்ணில் பட்ட இலவச ஆப்பை நானே அவள் போனில் இறக்கினேன். அது அவளுடைய போன் நம்பர்களைக் கேட்டது, இருக்குமிடத்தைக் கேட்டது. இரண்டுக்கும் 'சரி' என்று அழுத்தியது இந்தக் கைதான்.

வார்டனுக்கு எப்படித் தெரிந்தது? இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தைத் திறப்பது தபால் போடுவது போலத்தான். போகுமிடத்தின் விலாசம் வேண்டும், பதில் வர நம் விலாசமும் வேண்டும். நம் விலாசத்துக்கு ஐ.பி. எண் என்று பெயர். முன்பு பெரும்பாலான பக்கங்கள் போஸ்ட் கார்டு மாதிரி; வழியிலுள்ள எவனும் படிக்கலாம். இன்று பெரும்பாலானவை 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று தொடங்குகின்றன. இது ஒட்டிய உறை. உள்ளே என்ன படித்தோம், என்ன பாஸ்வேர்டு எழுதினோம் என்பது வழியிலுள்ளவனுக்குத் தெரியாது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதை வைஃபை வைத்திருப்பவன் அறிய முடியும். டெலிபோன் கம்பெனியும் அறிய முடியும். வார்டனுக்குக் கிடைத்தது அந்த விலாசம் மட்டுமே. அதுவே போதுமானதாயிருந்தது.

வி.பி.என். செய்வது என்ன? அந்த உறையை இன்னொரு பெரிய உறைக்குள் போட்டு, மேலே வி.பி.என். கம்பெனியின் விலாசத்தை மட்டும் எழுதுகிறது. கம்பெனி அதைப் பிரித்து, உள்ளிருக்கும் உறையைத் தன் விலாசத்திலிருந்து அனுப்புகிறது. நீங்கள் வி.பி.என். உபயோகிக்கிறீர்கள் என்பது வார்டனுக்குத் தெரியலாம்; எங்கே போகிறீர்கள் என்பது தெரியாது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால், வார்டன் பார்த்ததையெல்லாம் இப்போது வி.பி.என். கம்பெனி பார்க்க முடியும்! இரகசியம் கை மாறியிருக்கிறது, அவ்வளவே. அந்தக் கம்பெனி யாருடையது? சர்வருக்கும் மின்சாரத்துக்கும் செலவு செய்து, காலணா வாங்காமல் நமக்கு ஏன் ஊழியம் செய்கிறது?

ஓனவோ என்றொரு வி.பி.என். ஆப் இருந்தது. இஸ்ரேலில் தோன்றிய அந்தக் கம்பெனியை 2013ல் பேஸ்புக் வாங்கியது. 'உங்கள் விவரங்களைப் பாதுகாக்கிறோம்' என்று சொல்லி அந்த ஆப்பை ஜனங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். ஜனங்கள் போனில் எந்த ஆப்பை எவ்வளவு உபயோகிக்கிறார்கள் என்ற கணக்கு அதன் வழியே பேஸ்புக்குக்குப் போய்க் கொண்டிருந்தது. வாட்ஸ்அப் எப்படி வளருகிறது என்பதைக் கூட அதிலேதான் பார்த்தார்கள். 2014ல் வாட்ஸ்அப்பையே வாங்கினார்கள். 2018ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக் கமிட்டி வெளியிட்ட பேஸ்புக்கின் உள் தஸ்தாவேஜுகளில் இது அம்பலமாயிற்று. 2019ல் ஆப்பை மூடினார்கள். 2023ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பூட்டு விற்கிறவனே சாவியையும் வைத்துக் கொண்ட கதை!

இலவசமெல்லாம் மோசடி என்று நான் சொல்லவில்லை. பணம் கட்டுகிறவர்களின் வருமானத்திலிருந்து இலவசப் பிரிவையும் நடத்துகிற நாணயமான கம்பெனிகள் உண்டு. செலவை யார் தருகிறார்கள் என்று கேட்டு, பதில் வராத இடத்தை விட்டு விலகுங்கள்.

இன்னொரு மயக்கமும் இருக்கிறது. வி.பி.என். போட்டுக் கொண்டு பேஸ்புக்கிலோ கூகிளிலோ சொந்தப் பெயரில் நுழைந்தால், வந்தவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாதா? ஓ.டி.பி. கேட்டு ஏமாற்றுகிறவனை வி.பி.என். தடுக்காது. போனுக்குள்ளேயே புகுந்து கொள்ளும் வேவு மென்பொருளுக்கு எதிராக அது உதவாது. 2021ல் நாடெங்கும் பேசப்பட்ட பெகாஸஸ் அந்த ரகம். உறையை எவ்வளவு ஒட்டி என்ன, எழுதும் போதே தோளுக்குப் பின்னால் ஒருவன் நின்றால்?

சர்க்கார் என்ன செய்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆனால் 2022 ஏப்ரலில் மத்திய சர்க்காரின் செர்ட்-இன் அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. வி.பி.என். கம்பெனிகள் வாடிக்கையாளரின் பெயர், விலாசம், போன் எண், எதற்காக வாங்கினார் என்பது உட்பட எல்லாவற்றையும் ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டுமாம்! எக்ஸ்பிரஸ், நார்டு, சர்ப்ஷார்க் ஆகிய கம்பெனிகள் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை அந்த வருஷமே அகற்றி விட்டன. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காக நடத்தும் வி.பி.என்.களுக்கு மாத்திரம் விலக்கு. கம்பெனியின் இரகசியத்துக்கு இருக்கிற மதிப்பு சாமானியனுடைய இரகசியத்துக்கு இல்லை. வி.பி.என். உபயோகிப்பதற்கு நாடு முழுவதற்குமான தடை கிடையாது. ஜம்மு-காஷ்மீரில் பல மாவட்டங்களில் அவ்வப்போது தடை உத்தரவு போட்டிருக்கிறார்கள்.

அந்தத் தங்கைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. அவள் மறைக்க வேண்டியது வார்டனிடம். விடுதி வைஃபையை நிறுத்தி, சொந்த சிம்மின் டேட்டாவில் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தாலே போதும். டெலிபோன் கம்பெனிக்குத் தெரியலாம். வார்டனின் வைஃபைக்குத் தெரியாது. இதற்கு எந்த ஆப்பும் வேண்டியதில்லை. பிற்பாடு அவளிடமே போய் என் தவறைச் சொன்னேன். ஆப்பை நீக்கினோம். ஆனால் அது ஏற்கெனவே எடுத்துக் கொண்டு போன நம்பர்களைத் திரும்ப வாங்க வழியில்லை. அவற்றிலே அவளோடு வேலை செய்யும் பெண்களின் நம்பர்களும் இருந்தன.

கூட்டம் முடிந்ததும் போகாதீர்கள். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. செட்டிங்ஸைத் திறந்து, எந்த ஆப்புக்கு எந்த அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். என் போனிலிருந்தே ஆரம்பிக்கலாம்.