உளுந்துப் பானையில் ஒரு வண்டுப் பொறி

(திண்டிவனத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



அறுவடை முடிஞ்சதும் உளுந்தை விழுப்புரம் கமிட்டிக்கு ஏத்திவிட்டு, கிடைத்த விலையை வாங்கி வருகிறோம். கடன் தவணை ஒரு காரணம். "வெச்சிருந்தா வண்டு அடிச்சிடும்" என்ற பயம் இன்னொரு காரணம்.

இதற்குத்தான் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எஸ். மோகன் ஒரு பொறி கண்டுபிடித்தார். பூச்சி காற்றோட்டம் உள்ள பக்கம் போகும். 2 மி.மீ. துளைகள் போட்ட குழாயைத் தானியத்தில் செருகினால், பூச்சி துளை வழியாக நுழைந்து அடியில் உள்ள கூம்பில் விழும். மருந்து வேண்டாம், கரண்டு வேண்டாம். நிறுவனங்களும் இதைச் செய்து விற்பதால்தான் ஆராய்ச்சிக் கூடத்தை விட்டு நம்ம வீட்டுக்கு வர முடிகிறது.

25 கிலோ பாத்திரத்துக்கு 2, 3 போதும். பயறு வண்டு மேலாகவே திரியும். அதனால் உளுந்துக்கு 'டூ இன் ஒன்' பொறி என்று கேளுங்கள். ஆனால், மணியில் ஒட்டிய முட்டையைப் பொறி பிடிக்காது. நல்லா காயவைத்த பிறகே கொட்டுங்கள். பொறியை அடிக்கடி எடுத்துப் பாருங்கள்.

திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிப்போம். குழுவுக்கு ஒரு பானையில் பொறி வைப்போம், இன்னொன்றில் வைக்காமல் விடுவோம். ரெண்டு மாசம் கழித்து இரண்டையும் சலித்துப் பார்த்து, கூட்டத்தில் சொல்லுங்கள். எப்போ விற்பது என்பதை வண்டு முடிவு பண்ண வேண்டாம், நாம் முடிவு பண்ணுவோம்.