சிறுநீரகப் புற்றுநோய்: சொல்லறிந்து செல்லும் பயணம்



மொழியியல் பயின்ற ஒருவர் நோயைப் பற்றிப் பேச வருவதற்குக் காரணம் வேண்டும். எனக்கு அக்காரணத்தைத் தந்தவர் என் பழைய மாணவர் ஒருவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் தம் தந்தையாரின் மருத்துவக் கோப்புடன் ஜொகூர் பாருவிலுள்ள என் இல்லத்திற்கு வந்தார். தந்தையாரின் வலச் சிறுநீரகத்தில் 5 சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி. சென்னைக்கு விமானச் சீட்டும் வாங்கியாயிற்று. “ஐயா, கிட்னி மாற்ற வேண்டுமாம். இங்கே கிடைக்காது, இந்தியாவில்தான் கிடைக்கும் என்கிறார்கள். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

நான் மருத்துவன் அல்லன் என்பதை முதலில் அவரிடம் சொன்னேன், உங்களிடமும் சொல்கிறேன். எனினும் படிக்கத் தெரியும். அந்த அறிக்கையில் சிறுநீரகத்தை மாற்றுவது குறித்து ஒரு சொல்லும் இல்லை. நீக்குவது குறித்தே எழுதப்பட்டிருந்தது. மாற்றுதல், நீக்குதல் என்னும் இரு வினைகளுக்கிடையே அந்தக் குடும்பம் வீட்டை அடகு வைக்கும் நிலைக்குச் சென்றிருந்தது.

இக்குழப்பம் எங்கிருந்து வந்தது? நம் நாட்டில் சிறுநீரகம் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது இரத்தச் சுத்திகரிப்பு. இனிப்புநீரால் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் நம் உறவினர் வட்டத்திலேயே பலர் உண்டு. அவர்களுக்குத்தான் மாற்றுச் சிறுநீரகம் தேவைப்படுகிறது. புற்றுநோயின் கதை வேறு. ஒரு சிறுநீரகத்தில் கட்டி இருந்து, மற்றது நலமாக இருப்பின், கட்டியை மட்டுமோ அந்த ஒரு சிறுநீரகத்தை முழுமையாகவோ எடுத்துவிடுவார்கள். எஞ்சிய ஒன்று உடலின் வேலையைப் பார்த்துக்கொள்ளும். இதனை 1869ஆம் ஆண்டிலேயே ஹைடல்பெர்க் நகரில் குஸ்தாவ் சைமன் என்னும் அறுவை மருத்துவர் மெய்ப்பித்தார். முதலில் நாய்களிடம் சோதித்து, பின்னர் ஒரு பெண்மணியின் சிறுநீரகத்தை நீக்கினார். அவர் பிழைத்தார். புற்றுநோயாளிக்கு உடனே மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவதைப் பொதுவாக மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். பொருத்திய உறுப்பை உடல் ஏற்க வேண்டுமானால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை உண்ண வேண்டும். அவையே எஞ்சிய புற்று வளரவும் இடந்தரும். “அங்கே கிடைக்கும்” என்று யாரேனும் சொன்னால், உறுப்பு வணிகத்தை இந்தியா 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்துள்ளது என்பதையும் நினைவிற் கொள்க.

இந்த உறுப்பின் பெயரிலேயே சற்று நின்று பார்க்கலாம். சிறுநீரகம் என்பது தொழிலைச் சுட்டும் கலைச்சொல். நம் முன்னோர் குண்டிக்காய் என்றனர். இறைச்சிக் கடையில் இன்றும் அச்சொல் உயிருடன் இருக்கிறது. மலாய்க்காரர்கள் இதனைப் ‘புவா பிங்காங்’ என்கின்றனர். இடுப்பின் கனி என்பது பொருள். ஒருவர் காய் என்றார், ஒருவர் கனி என்றார். இருவரும் வடிவத்தைக் கண்டு பெயரிட்டனர். நோய்க்கும் அவ்வாறே. கிரேக்கர் நண்டைக் கண்டனர். அதுவே இலத்தீன் வழியாகக் கேன்சர் ஆயிற்று. தமிழர் கண்டது புற்று. வெளியே சிறு மேடாகத் தோன்றி உள்ளே கிளைத்துப் பரவுவது என்ற அளவில் நம் உருவகம் குறைந்ததன்று என்பது என் எண்ணம்.

ஆனால் பெயர் பிழையையும் சுமக்கும். 1883ஆம் ஆண்டில் பால் கிராவிட்ஸ் என்னும் செருமானிய நோயியலறிஞர் இக்கட்டிகளை ஆராய்ந்து, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள அண்ணீரகச் சுரப்பியின் சிதறல்களிலிருந்து இவை தோன்றுகின்றன என்று கருதினார். அக்கருத்திலிருந்து ‘ஹைப்பர்நெஃப்ரோமா’ என்ற பெயர் பிறந்தது. கட்டி சிறுநீரகத்தின் நுண்குழாய்களிலிருந்தே தோன்றுகிறது என்பது தெளிவான பின்னும் அப்பெயர் பல பத்தாண்டுகள் மருத்துவர் வாயில் நிலைத்தது. அறிவு திருந்தும் விரைவில் சொல் திருந்துவதில்லை.

என் மாணவரின் கோப்பிற்கு வருவோம். அதில் மூன்று சொற்கள் அவரை வழிதவறச் செய்திருந்தன.

முதலாவது ‘கிளியர் செல்’. “கிளியர் என்றுதானே போட்டிருக்கிறது, ஐயா? அப்படியென்றால் ஒன்றும் இல்லைதானே?” என்று கேட்டார். சிறுநீரகத்தில் தோன்றும் புற்றுகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது, நுண்குழாய் உயிரணுக்களில் தோன்றும் வகை. அவற்றுள்ளும் பெரும்பான்மை இந்தக் கிளியர் செல் வகையே. இவ்வுயிரணுக்களில் கொழுப்பும் கிளைக்கோஜனும் நிறைந்திருக்கும். கண்ணாடித் தகட்டில் பதப்படுத்தும்போது அவை கரைந்துபோக, நுண்ணோக்கியில் உயிரணு வெறுமையாய், தெளிவாய்த் தெரிகிறது. தெளிவு உயிரணுவுக்கு உரியது, நோயாளியின் நிலைக்கு உரியதன்று. ஆகவே ‘தெளிவணு வகைப் புற்று’ என்று வகை என்னும் சொல்லையும் சேர்த்துச் சொல்வதே நலம்.

இரண்டாவது ‘கிரேட்’. இதனைத் தரம் என்று மொழிபெயர்க்கின்றோம். ஆசிரியர்களே, தரம் என்னும் சொல் நம் மாணவர் செவியில் எதை எழுப்புகிறது? தரமான பள்ளி, தரமான பொருள்! தரம் 4 என்றால் தரம் 1ஐ விட மேலானது என்றே எண்ணத் தோன்றும். இங்கோ எண் உயர உயரப் புற்றணு இயல்பான அணுவிலிருந்து விலகி, கொடியதாகிறது. இது ‘ஸ்டேஜ்’ எனப்படும் நிலையிலிருந்து வேறானது. நிலை என்பது நோய் எவ்வளவு பெரிதாகியுள்ளது, எங்கெல்லாம் பரவியுள்ளது என்பதன் கணக்கு. 7 சென்டிமீட்டருக்கு மிகாமல் சிறுநீரகத்துக்குள்ளேயே அடங்கிய கட்டி முதல் நிலை. நுரையீரல், எலும்பு போன்ற தொலையுறுப்புகளுக்குப் பரவியது நான்காம் நிலை. தரத்திற்கு மாற்றாகக் ‘கடுமைப்படி’ என்று சொல்லலாமே என்பது என் பரிந்துரை.

மூன்றாவது, பின்னாளில் வந்த ஐயம்: நோய் ‘முன்னேறியுள்ளது’ என்னும் தொடர். ஆங்கிலத்தின் நிழலில் ஆக்கப்பட்ட இத்தொடரைக் கேட்டு மகிழ்ந்த குடும்பங்கள் உண்டு. தமிழில் முன்னேற்றம் நல்லதற்கே உரியது. நோய் முற்றும், பரவும். அச்சொற்கள் இருக்க இது எதற்கு?

நோயைப் பற்றி மேலும் சில செய்திகள். சிறுநீரில் இரத்தம், விலாப்புறத்தில் வலி, கையால் உணரத்தக்க கட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து காணப்படுவது இன்று அரிது. வேறு காரணத்திற்காக வயிற்றை ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகக் கண்டறியப்படுவனவே மிகுதி. புகைபிடித்தல், உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம் ஆகியன இடரைக் கூட்டுகின்றன. வலியின்றி ஒருமுறை சிறுநீர் சிவந்து, மறுநாள் தானே தெளிந்துவிட்டாலும் மருத்துவரைக் காண வேண்டும். வழக்கமான கீமோ மருந்துகள் இந்நோயில் பெரிதும் பயன்படுவதில்லை. பரவிய நோய்க்கு 2005ஆம் ஆண்டு முதல் இலக்குநோக்கு மாத்திரைகளும், 2015ஆம் ஆண்டு முதல் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புதுவகை மருந்துகளும் வந்துள்ளன.

இனிப் பயணம். நாம் வாழும் இம்மாநிலம் பயணங்களின் சந்தி. 1924இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். ஆனால் அங்குள்ள மானியம் வெளிநாட்டவர்க்கு இல்லை. நாம் வெளியே செல்லும் அதே வேளையில், பாத்தாமிலிருந்து படகேறி நம் ஜொகூருக்கு மருத்துவம் நாடி வருகின்றனர் இந்தோனேசியர். அவர்களுக்கு நம் ஊரே வெளிநாடு. ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. புத்ராஜெயாவில் தேசியப் புற்றுநோய்க் கழகம் உண்டு. அரசு மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரைக் காணக் குடிமக்கள் செலுத்துவது 5 வெள்ளி. முதல் நிலைக் கட்டிக்கு உரிய அறுவை நம் நாட்டிலேயே நடைபெறுவதுதான். இவற்றைக் கேட்டறிந்த பின்னும் வெளிநாடு செல்ல ஒருவர்க்குத் தக்க காரணம் இருக்கலாம்: காத்திருக்கும் காலம், உறவினர் துணை, இரண்டாம் கருத்து. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கும், முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954இல் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கும் பெயர் சும்மா வரவில்லை.

செல்வோர் சுற்றுலா விசாவில் அல்லாமல் மருத்துவ விசாவில் செல்க. உடன் செல்வோர்க்கும் தனி விசா உண்டு. அறிக்கையோடு ஸ்கேன் படங்களின் வட்டையும் கொண்டு செல்க. திசு எடுக்கப்பட்டிருந்தால் அதன் கண்ணாடித் தகடுகளையும் கேட்டுப் பெறுக. மருந்துகளின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், மூலப்பெயரை எழுதிக்கொள்க. அறுவைக்குப் பின் எப்போது விமானம் ஏறலாம் என்று கேளாமல் திரும்பும் சீட்டை வாங்காதீர்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, அறுவை சில நாள், கண்காணிப்பு பல ஆண்டு. அந்தக் கண்காணிப்பை ஏற்கும் மருத்துவர் இங்கே யார் என்பது புறப்படுமுன் முடிவாக வேண்டும்.

தமிழ்நாட்டுக்குத்தானே போகிறோம், மொழிச் சிக்கல் வராது என்பார்கள். நாம் தாதி என்போம்; அங்கே செவிலியர். இது சிறிது. நாம் இனிப்புநீர் என்போம். மலாய் வழக்கின் சாயலில் பிறந்த நம் சொல் அது. அங்குள்ள மருத்துவர்க்கு அது விளங்காமற் போகலாம். விளங்காவிடில், ஒரே சிறுநீரகத்துடன் வாழப்போகும் ஒருவரைப் பற்றிய இன்றியமையாத செய்தி தவறிவிடும்.

என் மாணவர் சீட்டைத் தள்ளிப்போட்டார். இங்கே சிறுநீரியல் மருத்துவர் ஒருவரைக் கண்டார். அவர் நீக்குதலை விளக்கினார், வீடு அடகுக்குப் போகவில்லை. ஆயினும் தமக்கை அங்கிருந்ததால் தந்தையார் சென்னைக்கே செல்ல விரும்பினார். புறப்படுவதற்கு முந்திய நாள் இருவரும் அமர்ந்து ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் இரண்டு வரிசை எழுதினோம். இடப்பக்கம் நம் வழக்கு, வலப்பக்கம் அவ்வூர் வழக்கு. இனிப்புநீருக்கு எதிரே ‘சர்க்கரை நோய், 12 ஆண்டு’ என்று பெரியவர் தம் கையாலேயே எழுதினார். அறுவைக்கு முந்திய இரவு பணியிலிருந்த இளம் மருத்துவர் அந்தக் குறிப்பேட்டை வாங்கிப் படித்ததாக மகன் தொலைபேசியில் சொன்னார். பெரியவர் இன்றும் ஆறு திங்களுக்கு ஒருமுறை ஜொகூர் பாருவிலேயே ஸ்கேன் எடுத்துக்கொள்கிறார்.