பிள்ளைகளின் மேல் வாடையும் பருவத்தின் முதல் அடையாளங்களும்
(பெற்றோர் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



கல்வி உதவி, மருத்துவ முகாம் பற்றியெல்லாம் இந்தக் கூட்டத்தில் பேசியிருக்கிறோம். இன்று பேசப்போவது வீட்டுக்குள்ளேயே பேசக் கூச்சப்படுகிற விஷயம். பிள்ளைகளின் உடம்பில் புதிதாக வரும் வாடையைப் பற்றியும், அதையொட்டித் தெரியும் பருவத்தின் அடையாளங்களைப் பற்றியும் பேசப்போகிறோம். அன்சாரிப் பெண்கள் குளிப்பு, மாதவிடாய் பற்றிய சட்டங்களை நபி (ஸல்) அவர்களிடமே கேட்டுத் தெளிந்தார்கள். மார்க்கத்தை அறிய வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை. பிள்ளைகளின் நலனுக்காக நாமும் கூச்சத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைப்போம்.

மக்தபுக்கு ஒழுங்காகப் போய்வந்த ஒன்பது வயதுப் பையன் திடீரென்று போகமாட்டேன் என்கிறான். வயிற்றுவலி என்கிறான், தலைவலி என்கிறான். சோம்பேறித்தனம் என்று அத்தா திட்டுகிறார். விசாரித்தால், பக்கத்தில் இருந்த பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு "தள்ளி உட்காரு" என்று சொல்லியிருப்பான். இப்படிப்பட்ட செய்திகள் நமது அலுவலகத்துக்கு வருகின்றன. வாடையைச் சோப்புப் போட்டுப் போக்கிவிடலாம். சபையில் பட்ட அவமானம் அவ்வளவு எளிதில் போகாது.

முதலில் இந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வோம். நம் தோலில் இரண்டு வகை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒன்று உடல் முழுவதும் இருந்து, உப்புத் தண்ணீரைச் சுரந்து சூட்டைத் தணிக்கிறது. சின்னப் பிள்ளை நாளெல்லாம் விளையாடினாலும் அக்குள் நாறாததற்குக் காரணம் இதுதான். இன்னொன்று அக்குளிலும் தொடையிடுக்கிலும் இருக்கிறது. அது பிறந்ததிலிருந்து உறங்கிக் கிடக்கும். சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரீனல் சுரப்பி 6 முதல் 8 வயதுவாக்கில் சில ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கத் தொடங்கும். அதன் பிறகு இந்தச் சுரப்பிகளும் மெல்ல வேலை செய்ய ஆரம்பிக்கும். இதில் வரும் வியர்வை கெட்டியானது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் வாடை கிளம்புகிறது.

ஆகவே வாடை வந்ததால் பிள்ளை அழுக்கானவன் என்று ஆகிவிடாது. அவனுடைய உடம்பு அடுத்த படிக்கு ஏறத் தயாராகிறது. நேற்றுவரை போதுமாக இருந்த குளிப்பு இனிப் போதாது, அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்? தினமும், விளையாடி வந்தால் மாலையிலும், குளிக்கவையுங்கள். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஓடிவந்தால் பயனில்லை. அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களில் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்கச் சொல்லிக் கொடுங்கள். பனியன், ஜட்டி, காலுறை, தொப்பி இவற்றைத் தினமும் மாற்றுங்கள். பாலியஸ்டரில் வாடை ஒட்டிக்கொள்ளும். உள்ளாடையாவது பருத்தியாக இருக்கட்டும். குளிக்காமல் அத்தரும் சென்ட்டும் பூசினால் இரண்டு வாடையும் கலந்து இன்னும் மோசமாகும். குளித்த பிறகும் வாடை நீடித்தால், டியோடரண்ட் ரோல்-ஆன் பயன்படுத்துவதில் தவறில்லை.

ஜும்ஆ நாளின் குளிப்பு, மிஸ்வாக், நகம் வெட்டுவது, அக்குள் முடியையும் மறைவிட முடியையும் நாற்பது நாளைத் தாண்டவிடாமல் களைவது ஆகியவை நமக்குச் சொல்லித்தரப்பட்ட சுன்னத்துகள். பச்சை வெங்காயமும் பூண்டும் தின்றவர் பள்ளிவாசலுக்கு வரவேண்டாம் என்று சொன்னதும், பக்கத்தில் நிற்பவருக்குத் தொந்தரவு கூடாது என்பதற்காகத்தான். இவற்றைப் பையனுக்கு அத்தாவும் பெண்பிள்ளைக்கு உம்மாவும் தனியாக அழைத்துச் சொல்லவேண்டும். உறவினர் முன்னால் "உன்மேல நாறுது" என்று சொல்லாதீர்கள்.

அடுத்து, பருவத்தின் அடையாளங்கள். பெண்பிள்ளைக்கு 8 முதல் 13 வயதுக்குள் பருவம் தொடங்குவது இயல்பு. பெரும்பாலும் மார்பில் சின்னக் கட்டிபோலத் தெரிவதுதான் முதல் அடையாளம். ஒரு பக்கம் முதலில் வந்தாலும் பயப்பட வேண்டாம். அதிலிருந்து ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடத்தில் மாதவிடாய் வரும். பையனுக்கு 9 முதல் 14 வயதுக்குள் தொடங்கும். விதைகள் பெரிதாவதுதான் முதல் அடையாளம். குரல் உடைவதும் மீசை அரும்புவதும் பின்னால் வருபவை.

பெண்பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்பும், பையனுக்கு 9 வயதுக்கு முன்பும் இந்த அடையாளங்கள் தெரிந்தால் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டவேண்டும். வாடை மட்டும் இருந்தால் பெரும்பாலும் பாதகமில்லை. ஆனாலும் அந்த வயதுக்குள் என்றால் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. மார்பு வளர்ச்சி, முடி, முகப்பரு, திடீர் உயரம் ஆகியவையும் சேர்ந்துவந்தால் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவர் இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார். தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனையும் செய்வார். சீக்கிரம் பருவமடையும் பிள்ளை முதலில் மளமளவென்று வளரும். எலும்பின் வளர்ச்சி முன்கூட்டியே நின்றுவிடுவதால் கடைசியில் குள்ளமாகிவிடக்கூடும். தேவைப்படும் பிள்ளைகளுக்கு ஊசி மூலம் இதைத் தள்ளிவைக்க முடியும். காலம் தாழ்ந்தால் அதன் பயன் குறையும். பெண்பிள்ளைகளில் பலருக்கு இதற்குத் தனிக் காரணம் இருப்பதில்லை. பையன்களுக்கு உள்ளே ஒரு நோய் காரணமாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே "ஆம்பளப் பிள்ளைதானே" என்று விடக்கூடாது.

"வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கேட்பார்கள்" என்று ஏழு வயதுப் பிள்ளையின் வளர்ச்சியை மறைக்கிற குடும்பங்களும் உண்டு. ஊர் வாய்க்குப் பயந்து மறைத்தால் பிள்ளையின் சிகிச்சைக் காலம்தான் கழிந்துபோகும்.

மார்க்கச் சட்டத்திலும் தெளிவு வேண்டும். நம் பகுதியில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் வாடை வருவதாலோ அக்குள் முடி முளைப்பதாலோ பிள்ளை பாலிகாகிவிடாது. பெண்ணுக்கு மாதவிடாயும் பையனுக்கு விந்து வெளிப்படுவதும்தான் பிரதான அடையாளங்கள். அரபுக் கணக்கில் ஏறக்குறைய ஒன்பது வயதுக்கு முன் வரும் இரத்தத்தை ஹைளு என்று எடுத்துக்கொள்வதில்லை. மருத்துவமும் அதை உடனே பார்க்கவேண்டிய விஷயமாகத்தான் சொல்கிறது. மற்ற சந்தேகங்களை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறுதியாக ஒன்று. உடம்பு வளர்ந்துவிட்டதால் அறிவும் வளர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. எட்டு வயதில் பன்னிரண்டு வயதுபோலத் தெரியும் பிள்ளைக்கு எட்டு வயது மனசுதான் இருக்கிறது. பெரியவளாகிவிட்டாய் என்று விளையாட்டையும் பொம்மையையும் பிடுங்காதீர்கள். யாரும் தொடக்கூடாத இடங்களைச் சொல்லிக்கொடுங்கள். எது நடந்தாலும் உம்மாவிடம் சொல்லலாம் என்ற தைரியத்தைக் கொடுங்கள். வயதுக்கு வந்துவிட்டாள் என்று படிப்பை நிறுத்தாதீர்கள். நாப்கின் வாங்கவோ பரிசோதனைக்கோ சிரமப்படும் குடும்பத்தார் நமது அலுவலகத்தில் உள்ள பெண் ஊழியரிடம் சொன்னால் போதும். காரணம் எழுதித்தர வேண்டியதில்லை. விவரம் வெளியே போகாது.

நம் பிள்ளைகள் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அவர்களை உடல் நலத்தோடும் மன நலத்தோடும் வளர்த்தெடுக்க வல்ல நாயன் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.