மன நோவுக்கும் மருத்துவம் உண்டு

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவை ஒட்டி மதரஸா மண்டபத்தில் நடைபெற்ற கூட்டத்தில், நம் மஹல்லாவைச் சேர்ந்த மருத்துவ உளவியலாளர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இருபது ஆண்டுகளாக வெளியூரில் இத்தொழிலைச் செய்துவரும் எனக்கு, சொந்த மஹல்லாவில் இதைப் பற்றிப் பேச இப்பொழுதுதான் வாய்ப்புக் கிட்டியிருக்கிறது. செயலாளர் அவர்கள் தொலைபேசியில் அழைத்தபோது, “பைத்தியம் என்ற சொல் வராமல் பேசுங்கள்” என்று கேட்டுக்கொண்டார். அவருடைய நல்லெண்ணம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அச்சொல்லை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் என்னைப் போன்றோரிடம் வரத் தயங்குவதற்கு அந்த ஒரு சொல்லே காரணம்.

எனக்கு ஒரு சாச்சி இருந்தார். தலைப்பிரசவம் முடிந்து நாற்பது நாள் கழிந்த பின்னரும் அவர் குழந்தையை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. உறக்கம் இல்லை, உணவு இல்லை, சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார். வீட்டார் கெட்டவர்கள் அல்லர். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். தாயத்துக் கட்டினார்கள். ஜின் பிடித்திருக்கிறது என்று ஒருவர் சொல்ல, ஒரு தர்காவில் நாற்பத்தொரு நாள் தங்க வைத்தார்கள். மருத்துவரிடம் மட்டும் அழைத்துச் செல்லவில்லை. அழைத்துச் சென்றது வெளியில் தெரிந்தால் அவருடைய தங்கைமார்களுக்கு மாப்பிள்ளை அமையாது என்று பாட்டியார் அஞ்சினார். இரண்டு ஆண்டுகளில் சாச்சி ஒருவாறு தேறினார். ஆனால், அந்த இரண்டு ஆண்டுகளில் வேறு மடியில் வளர்ந்த அவருடைய மகன், பிறகு அவரை ‘உம்மா’ என்று அழைக்கவே கூச்சப்பட்டான். பிரசவத்திற்குப் பின் வரும் மனச்சோர்வு என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதையும், உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தணிந்துவிடும் என்பதையும் நான் கல்லூரிக்குச் சென்ற பின்னரே அறிந்தேன்.

இது எங்கோ ஒரு வீட்டுக் கதையன்று. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் நாடளாவிய மனநலக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் சற்று அதிகமானோர் ஏதேனும் ஒரு மனநலக் குறையுடன் இருப்பதாக அது கண்டது. அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறாதவர்கள். நம் மஹல்லாவில் 600 தலைக்கட்டுகள் என்றும், தலைக்கட்டுக்கு மூன்று பெரியவர்கள் என்றும் கொண்டால், ஏறத்தாழ 190 பேர். இவர்கள் தெருவில் ஆடை கிழித்துத் திரிபவர்கள் அல்லர். கடை நடத்துகிறார்கள், சமைக்கிறார்கள், ஜமாஅத்தோடு தொழுகிறார்கள். இரவில்தான் உறங்குவதில்லை.

அவர்களுக்கு உளவியல் சிகிச்சை என்ன செய்யும்? நம் பேச்சு வழக்கில் ‘கவுன்சலிங்’ என்கிறோம். எதிரில் அமர்ந்து ஒருவர் புத்தி சொல்வார் என்று பலரும் எண்ணுகிறார்கள். புத்தி சொல்ல நம்மிடையே ஆள் பஞ்சமே கிடையாது. அது போதுமானதாக இருந்திருந்தால் இந்நேரம் எல்லோரும் குணமடைந்திருப்பார்கள். இச்சிகிச்சை ஒரு பயிற்சி. வாரம் ஒருமுறை, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை. மிகுதியும் பன்னிரண்டு முதல் இருபது அமர்வுகள். இடையில் வீட்டுப்பாடமும் உண்டு.

நம் பள்ளிவாசல்களில் காணக்கூடிய ஒரு நோயையே எடுத்துக்கொள்கிறேன். ஹவ்ழின் ஓரத்தில் ஒருவர் ஒளுச் செய்கிறார். முகத்தைக் கழுவுகிறார், சரியாக நனைந்ததா என்று ஐயம், மீண்டும் கழுவுகிறார். இகாமத் சொல்லி, முதல் ரக்அத் முடிந்து, ஸலாமும் கொடுத்தாகிவிட்டது. அவர் இன்னும் ஹவ்ழின் ஓரத்திலேயே இருக்கிறார். இளைஞர்கள் சிரிக்கிறார்கள். பெரியவர்கள் அவரைப் பேணுதல் மிக்கவர் என்கிறார்கள். அவரோ உள்ளூர வெந்து கொண்டிருக்கிறார். இதனை நாம் வஸ்வாஸ் என்போம். மருத்துவத்தில் எண்ணச் சுழற்சி நோய் என்பர்.

இப்படி ஒருவர் என்னிடம் வந்தார். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். அவர் நாள்தோறும் தம் ஊர் ஹஜ்ரத்திடம் சென்று, “என் ஒளு கூடுமா?” என்று கேட்பார். “கூடும்” என்பார் ஹஜ்ரத். ஒரு மணி நேரம் நிம்மதி, பிறகு மறுபடியும் ஐயம், மறுபடியும் கேள்வி. அந்த ஹஜ்ரத் எத்துணை பொறுமைசாலி! ஆனால், அவர் பொறுமையாகச் சொன்ன ஒவ்வொரு பதிலும் நோய்க்கு உணவாயிற்று. ஐயம் எழும்போதெல்லாம் உறுதி தேடுவதும், உறுதி கிடைத்ததும் அமைதி அடைவதும் பழகிவிட்டால், அடுத்த ஐயம் இன்னும் வலுவாக வரும். இதுவே அந்நோயின் சூட்சுமம்.

1966ஆம் ஆண்டு லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், இத்தகைய நோயாளிகளை அவர்கள் அஞ்சும் நிலையிலேயே இருக்கச் செய்து, கழுவுதல் முதலிய செயல்களைத் தடுத்துப் பார்த்ததை எழுதினார். இன்று இந்நோய்க்கான உளவியல் சிகிச்சைகளில் முதலிடம் வகிப்பது அதன் வழிவந்த முறையே. நாங்களும் அதையே கைக்கொண்டோம். எந்த நிலையில் எவ்வளவு பதற்றம் என்று நூற்றுக்கு மதிப்பெண் இட்டு அவரே பட்டியல் எழுதினார். குறைந்த மதிப்பெண் உள்ளதிலிருந்து தொடங்கினோம். கையை மும்முறை மட்டும் கழுவ வேண்டும், எழுந்துவிட வேண்டும், ஐயம் வந்தால் வரட்டும், திரும்பிச் செல்லலாகாது. முதல் நாள் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனால், எதுவும் செய்யாமல் இருந்தாலும் பதற்றம் தானாக இறங்குகிறது என்பதை அவர் உடல் கண்டுகொண்டது. பத்துப் பேர் சொல்லியும் மனத்தில் ஏறாத ஒன்று, அப்படி அமர்ந்திருந்து அறிந்தபோது ஏறியது.

ஹஜ்ரத் அவர்களையும் இதில் சேர்த்துக்கொண்டேன். மும்முறைக்கு மேல் கழுவுவது விரும்பத்தக்கதன்று என்பதும், உறுதியான ஒன்று வெறும் ஐயத்தால் நீங்காது என்பதும் ஃபிக்ஹில் உள்ளவை. அதை ஒரே ஒரு முறை விளக்கிச் சொல்லிவிட்டு, மறுபடி கேட்டால் புன்னகைத்து நகர்ந்துவிடுமாறு வேண்டினேன். அவருக்கு அது கடினமாகவே இருந்தது; கேட்பவருக்குப் பதில் மறுப்பது அவருடைய இயல்பன்று. நான்கு மாதங்களில் அந்த மனிதர் முதல் ஸஃப்பில் தக்பீரோடு நின்றார். வஸ்வாஸ் அறவே ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். வருகிறது, அவர் பொருட்படுத்துவதில்லை.

மனச்சோர்வுக்கு வழி வேறு. கணவர் வளைகுடாவில் இருக்க, இங்கே மாமியார், குழந்தைகள், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஒற்றைக் கையால் தாங்கும் பெண்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்! அவர்களில் ஒருவர், “காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை” என்றார். வீட்டில் சோம்பல் என்றார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960களில் கவனித்தது யாதெனில், சோர்வுற்றோர் மனத்தில் சில எண்ணங்கள் கேட்காமலே ஓடுகின்றன. அவர்களோ அவற்றைச் சோதிக்காமலே நம்பிவிடுகிறார்கள். “இரண்டு நாளாக அவர் பேசவில்லை, என்னை வெறுத்துவிட்டார்” என்பது இச்சகோதரியின் எண்ணம். அதை ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். பக்கத்தில், அதற்கு என்ன சான்று, வேறு என்ன காரணம் இருக்கலாம் என்றும் எழுதச் சொன்னேன். இரட்டை ஷிப்ட் என்று எழுதினார். அதோடு, மனம் வந்த பிறகு செய்வோம் என்று காத்திராமல் நாளுக்கொரு சிறு வேலை என்று குறித்துக்கொண்டோம்: மூடிக்கிடந்த தையல் இயந்திரம், புதன்கிழமை லாத்தா வீடு. வேலை முன்னே செல்ல, மனம் பின்னே வந்தது.

திடீர்ப் பதற்றத்தைப் பற்றி ஒரு சொல். நெஞ்சு படபடத்து, கை மரத்து, மௌத்தே வந்துவிட்டது போல் தோன்றி, மூன்று முறை இ.சி.ஜி. எடுத்தும் இதயத்தில் குறையில்லை என்று திரும்பி வந்தவர்கள் இங்கே இருக்கக்கூடும். முதலில் இதயத்தைச் சோதிப்பது கட்டாயம். அங்கே குறையில்லை என்றால், “ஒன்றுமில்லை, போங்கள்” என்பதோடு நிறுத்தாமல் எங்களிடம் அனுப்புங்கள். இதுவும் நன்கு குணமாகக் கூடியது.

இனி, பலருடைய உள்ளத்தில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். ஈமான் உள்ளவனுக்கு மனச்சோர்வு வருமா? மகனைப் பிரிந்த யஅகூப் நபி அவர்கள், கண்கள் வெளுக்கும் அளவுக்குத் துக்கத்தில் ஆழ்ந்ததைக் குர்ஆன் கூறுகிறது. அவர்களுடைய ஈமானில் யார் குறை காண்பார்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி போதிக்கப்பட்டவர்கள் நாம். 934ஆம் ஆண்டு மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல்நலத்தையும் மனநலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். அச்சம், சினம், துக்கம், வஸ்வாஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வழி கூறினார். துக்கத்தில் காரணம் தெரிந்ததும், காரணம் தெரியாமல் உடலிலிருந்து எழுவதும் என இரு வகை உண்டென்று பிரித்துக் காட்டினார். இது மேலைநாட்டு இறக்குமதி என்போர் அந்நூலைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

ஓதிப் பார்ப்பதை நான் மறுக்கவில்லை. அது மருத்துவத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் என்ன நேரும் என்பதை நம் மாவட்டம் பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டார்கள். நேர்ச்சைக்காகக் குடும்பத்தாரால் கொண்டுவந்து விடப்பட்டவர்களும் அத்தகைய காப்பகங்களில் இருந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடை செய்கிறது. குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் 2008இல் தொடங்கிய ‘தவா-துஆ’ திட்டத்தில், முஜாவர்களே நோயாளிகளை மருத்துவரிடம் அனுப்புகிறார்கள்; பின்னர் ஏர்வாடியிலும் அவ்வழி வந்தது. துஆவும் நடக்கிறது, மருந்தும் நடக்கிறது.

எங்கள் சிகிச்சை எல்லாவற்றிற்கும் போதாது. காதில் குரல் கேட்பவருக்கும், உறக்கமின்றி அளவுகடந்த உற்சாகத்தில் பணத்தை வாரி இறைப்பவருக்கும் மனநல மருத்துவரின் மருந்து முதலில் வேண்டும். சாவதைப் பற்றி ஒருவர் பேசினால், அவரிடம் நேரடியாகவே கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. 2022 அக்டோபர் முதல் இயங்கும் ‘டெலி மானஸ்’ 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும், தமிழிலும், கட்டணமின்றிப் பேசலாம். இன்னொன்று: ‘கவுன்சலர்’ என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிவிடுகிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம், இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள்; நான் வருந்தமாட்டேன்.

ஜமாஅத்தாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மதரஸாவின் மாடியில் பழைய பெஞ்சுகள் போட்டிருக்கும் அறையை, மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பின் இரண்டு மணி நேரம் தந்தால் நான் வந்து அமர்கிறேன், கட்டணம் வேண்டாம். பெண்களுக்காக ஒரு சகோதரியையும் அழைத்து வருகிறேன். பெயர்ப்பலகை மாட்ட வேண்டாம். அவ்வறைக்குப் பின் சந்திலிருந்து ஒரு படிக்கட்டு உண்டு. அதன் கதவு பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்று தெருவுக்குத் தெரியவேண்டியதில்லை. சாவி முத்தவல்லி அவர்களிடம் இருப்பதாகக் கேள்வி.

வஸ்ஸலாம்.