போர்டைப் பார்த்து வாங்காதீங்க, ரிலீஸைப் பார்த்து வாங்குங்க

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஆர்ம் போர்டுகளைப் பத்திப் பேசலாம். ராஸ்பெர்ரி பை மாதிரி, உள்ளங்கை அளவு போர்டுல மொத்த கம்ப்யூட்டரும் இருக்குமே, அதுதான். ஆனா ரேம் எத்தனை ஜிபி, கோர் எத்தனைன்னு பேசப் போறதில்லை. அதுக்குள்ள ஓடுற மென்பொருளுக்குப் புது ரிலீஸ் வருதா, இல்லையா? அதுதான் விஷயம். இந்தக் கேள்வியை நான் கேக்காம விட்டதால ஒரு அக்காவோட கூலி குறைஞ்சுது. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சாமளாபுரத்துல எங்க மாமாவுக்கு ஒரு தறிக்குடோன் இருக்கு. 16 விசைத்தறி. ஊடை நூல் ஒரு தடவை குறுக்கே போனா ஒரு பிக். தறி ஒரு சுத்து சுத்தினா ஒரு பிக் விழும். அதை எண்ணிட்டா எத்தனை மீட்டர் துணி ஓடியிருக்குன்னு கணக்குப் போட்டுடலாம். 2022-ல நான் தறிக்கு ஒரு சென்சார், நாலு தறிக்கு ஒரு போர்டுன்னு மாட்டிக் கொடுத்தேன். அப்போ சிப் தட்டுப்பாடு. ராஸ்பெர்ரி பை கடையில கிடைக்கவே இல்லை. அதனால விலை மலிவா இருந்த வேற ஒரு போர்டு. அதைத் தயாரிச்ச கம்பெனியே கொடுத்த இமேஜை எஸ்டி கார்டுல ஏத்தினேன், ஓடுச்சு. அதோட மறந்துட்டேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி கரண்ட் போய் வந்ததுல ஒரு போர்டோட எஸ்டி கார்டு போயிடுச்சு. புதுக் கார்டு போட்டு ஏத்திக்கலாம்னு அந்த டவுன்லோடு பக்கத்துக்குப் போனா, இமேஜே இல்லை. உள்ள இருந்தது டெபியன் 9. அதுக்கான நீண்டகால ஆதரவு 2022 ஜூன்லயே முடிஞ்சிருச்சு. அதாவது நான் வாங்கின வருஷமே அது காலாவதி. இன்னொரு போர்டுல அப்டேட் கொடுத்துப் பார்த்தேன், வரிசையா 404.

சனிக்கிழமை சம்பளம். அந்த நாலு தறியை ஓட்டுற அக்கா சீட்டைப் பார்த்துட்டு, "ஏனுங்க தம்பி, புதன்கிழமை நான் ஓட்டுனதே இதுல இல்லீங்களே?"ன்னு கேட்டாங்க. அவங்க சொன்னது சரி. துணியைப் பிரிச்சு மீட்டர் மீட்டரா அளந்தோம். குறைஞ்ச காசை மாமா அன்னைக்கே கொடுத்துட்டார். என்கிட்ட மட்டும், "ஏங் கண்ணு, இதுக்கு நோட்டுல எழுதுறதே தேவலாமல்லோ?"ன்னார். பதில் சொல்ல முடியல.

சரி, ஏன் இப்படி ஆகுது? உங்க லேப்டாப்ல எந்த லினக்ஸ் இமேஜைப் போட்டாலும் பெரும்பாலும் ஓடிடும். உள்ள என்னென்ன பாகம் இருக்குன்னு அந்த மெஷினே சொல்லிடும். இந்த ஆர்ம் போர்டுகள்ல பெரும்பாலும் அப்படிச் சொல்ல ஏற்பாடு இல்லை. எந்தப் பின்னுல எல்இடி, வைஃபை சிப்புக்கு எங்கிருந்து கரண்ட் வருதுன்னு ஒரு கோப்புல எழுதிக் கொடுக்கணும். அதுக்குப் பேர் டிவைஸ் ட்ரீ. முன்னாடி இதெல்லாம் போர்டுக்குப் போர்டு கெர்னல் கோடுக்குள்ளயே குவிஞ்சு கிடந்தது. 2011-ல லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாவே திட்டினார். அதுக்கப்புறம்தான் ஆர்ம் உலகம் டிவைஸ் ட்ரீக்கு வேகமா மாறுச்சு.

ஆக ஒரு போர்டுக்கான ரிலீஸ்னா நாலு அடுக்கு: பூட்லோடர், கெர்னல், டிவைஸ் ட்ரீ, அதுக்கு மேல டெபியனோ உபுண்டுவோ. கம்பெனி தன் சொந்தக் கெர்னலை ஒரு தடவை ஒட்டுப்போட்டுக் கொடுத்துட்டு அடுத்த போர்டுக்குப் போயிட்டா, கீழ் மூணு அடுக்கும் அப்படியே உறைஞ்சு போயிடும்.

இது பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. 2016-ல ஆல்வின்னர் சிப்களுக்கான 3.4 கெர்னல்ல ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு. ஒரு கோப்புல ஒரே ஒரு வார்த்தையை எழுதினா எந்த நிரலும் ரூட் ஆயிடலாம். சோதனைக்குப் போட்ட கோடை எடுக்காமலே வெளிய விட்டிருந்தாங்க.

இதுக்கு மருந்து, மெயின்லைன். போர்டுக்கான கோடு டோர்வால்ட்ஸ் வெளியிடுற மூலக் கெர்னலுக்குள்ளயே போயிடணும். போயிட்டா அடுத்தடுத்த ரிலீஸ்ல அதுவும் கூடவே வரும். இந்த வேலையில நம்ம தமிழ்ப் பேரும் இருக்கு. கெர்னலோட மெயின்டெய்னர்ஸ் கோப்பைத் திறந்து பாருங்க, மணிவண்ணன் சதாசிவம்னு இருக்கும். ஆக்ஷன்ஸ் எஸ்900 சிப்புக்கும், அதை வச்சு வந்த பபிள்கம்-96 போர்டுக்கும் 2018 வாக்கில மெயின்லைன்ல வேலை செஞ்சவர் அவர்.

மெயின்லைனை எடுத்து நமக்கு ஏத்துற மாதிரி இமேஜா கட்டிக் கொடுக்கிற திட்டம் ஆர்ம்பியன். மூணு மாசத்துக்கு ஒரு ரிலீஸ்; 25.8-னா 2025 ஆகஸ்ட். போர்டுகளைப் பிளாட்டினம், ஸ்டாண்டர்டு, கம்யூனிட்டின்னு தரம் பிரிச்சிருப்பாங்க. கம்யூனிட்டின்னா, ஆர்வலர் யாராவது பார்த்துக்கிட்டா உண்டு, இல்லைன்னா இல்லை.

என் போர்டு அந்தக் கம்யூனிட்டி பட்டியல்ல இருந்துச்சு. இமேஜை ஏத்தினேன், பூட் ஆச்சு! ஆனா சென்சார் ஒண்ணும் எண்ணல. நான் பின்னைப் படிச்சது பழைய சிஸ்எஃப்எஸ் வழியில. 2016-ல 4.8 கெர்னல் வந்தப்பவே அதைக் கைவிடச் சொல்லிட்டாங்க. பின் நம்பரெல்லாம் வேற மாறியிருந்தது. ஒரு ராத்திரி உக்காந்து லிப்ஜிபிஐஓடிக்கு மாத்தி எழுதினேன். ஆக, ரிலீஸ் வந்தா மட்டும் போதாது, நாமளும் கூடவே நகரணும். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ல 2023 அக்டோபர்ல புக்வோர்ம் வந்தப்பவும் இதேதான். வைஃபைக்கு பூட் பகுதியில ஒரு கோப்பை வைக்கிற பழைய தந்திரம் செத்துச்சு, யூடியூப் பாடங்கள் பாதி பொய்யாச்சு.

இருந்தாலும் ராஸ்பெர்ரி பைகிட்ட ஒண்ணைக் கத்துக்கணும். 2012 பிப்ரவரி 29-ல வந்த முதல் மாடலுக்கு, 2025 அக்டோபர்ல வந்த டெபியன் 13 அடிப்படையிலான 32 பிட் ரிலீஸும் ஓடுது. 13 வருஷம்! நாம விலையில பார்க்காத மதிப்பு அதுதான்.

அதனால போர்டு வாங்கும் முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. இது மெயின்லைன்ல இருக்கா? ஆர்ம்பியன்ல எந்தத் தரம்? கடைசி இமேஜ் எப்போ வந்தது? வாங்கின பிறகு ரெண்டு வேலை. ஓடுற எஸ்டி கார்டுக்கு ஒரு நகல் எடுத்துத் தனியா வைங்க. ரூட் பகுதியை எழுத முடியாதபடி பூட்டிட்டு, எண்ணிக்கையை மட்டும் வேற இடத்துக்கு அனுப்புங்க. கரண்ட் போனாலும் கார்டு பிழைக்கும்.

மாமா குடோன்ல இப்போ போர்டு ஓடுது, பக்கத்துல நோட்டும் இருக்கு. வெள்ளிக்கிழமை அந்த அக்காதான் ரெண்டையும் ஒத்துப் பார்க்கிறாங்க. நோட்டை எடுத்துடலாமான்னு நான் இன்னும் கேக்கல. அதை அவங்க சொல்லட்டும்.

உங்க போர்டு கதை இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.